கோழிக்கொட்டாய் டைமர்

சுவருக்குள் பதிக்கிற டைமர் சுவிட்சைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் மாட்டிவிடுவாள் நாகமணி. மெயினை அணைத்து, டெஸ்டரை வைத்துப் பார்த்து, பழைய சுவிட்சைக் கழற்றி, பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும் வயர்களை வெளியே இழுத்தால் போதும். கரண்ட் வருவது எது, நியூட்ரல் எது, விளக்குக்குப் போவது எது என்று அவள் விரல்களே சொல்லிவிடும். சாதாரண சுவிட்சுக்கு நியூட்ரல் வேண்டியதில்லை. டைமருக்கு வேண்டும். விளக்கு அணைந்து கிடக்கும்போதும் அது மட்டும் உள்ளே விழித்துக்கொண்டு நேரத்தை எண்ண வேண்டுமே.

அந்தப் பின்னலாடை மில்லின் குடியிருப்பில் எல்லா வீட்டுச் சுவரிலும் அவள் கை பட்டிருந்தது. எங்கேயும் ஒரு குறை சொல்ல முடியாது. தன் வீட்டில், மகள் தாரணியின் அறையில் மட்டும், தெரிந்தே கம்பெனியை ஏமாற்றினாள்.

குடியிருப்பு வீடுகளுக்கு ஜன்னல் கிடையாது. வெயில் உள்ளே வந்தால் எல்லாம் கெட்டுவிடும் என்று கட்டும்போதே அடைத்துவிட்டார்கள். மேற்கூரை முழுவதும் விளக்குதான். அது இளமஞ்சளாக விடிந்து, வெளுத்து, பிறகு சிவந்து, ஒரேயடியாக அணையும். அணைந்ததும் மனிதர்களும் அணைந்துவிடுவார்கள். கையிலே பிடித்த சோற்றுக் கவளத்தோடு தூங்கிப்போனவர்கள் உண்டு. விடியலிலிருந்து அடுத்த விடியலுக்குப் பதினாறு மணி நேரம். அதற்குள் ஒரு ஷிஃப்ட், ஒரு சமையல், ஒரு தூக்கம். வெளியே இரண்டு நாள் போனால் உள்ளே மூன்று நாள் முடிந்திருக்கும்.

அவளுக்குப் பயிற்சி கொடுத்த எஞ்சினியர் ரகுராமன் நல்ல மனிதர்தான். கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்வார்.

"உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுதும்மா. அதுக்குச் சாவி கண்ணுல இருக்கு. எப்ப இருட்டுதோ அப்ப ராத்திரி, எப்ப வெளுக்குதோ அப்ப காலை. சூரியன் சொன்னா என்ன, நாம சொன்னா என்ன? அதுக்கு வித்தியாசம் தெரியாது."

"அப்ப வயசும் சேந்து ஓடுமுங்களா சார்?"

அவர் சிரித்தார். "வயசு காலண்டர்லதானம்மா இருக்கு!"

நாகமணியும் கூடச் சிரித்துவைத்தாள். பெரிய மனிதர் சிரிக்கும்போது நாம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நிற்க முடியுமா? ஆனால் அந்த வாரம் லீவு கிடைத்ததும் தாராபுரத்துப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்த அண்ணன் வெள்ளிங்கிரியைப் பார்க்கப் போனாள்.

அவன் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "கோழிக்குப் பண்றத மனுசனுக்குப் பண்றானுங்களா? ஏம்புள்ள, நம்ம கொட்டாயில பாத்தீல்ல. வெளிச்சத்த எச்சா உட்டா முட்டை எச்சா வெக்கும். அதுக்குத் தக்கன சீக்கிரமாவே ஓஞ்சும் போயிரும். ஓஞ்ச கோழிய நான் என்ன மடியில வெச்சுக் கொஞ்சறனா? வண்டி ஏத்தி உட்டுருவேன்."

"எங்களுக்கு ஆனது ஆவுட்டுங்ணா. தறியும் போச்சு, காடும் காஞ்சு போச்சு, வேற எங்க போறது? பாப்பாளுக்கு மட்டும் ஒரு வழி பண்ணோணும். உங்கொட்டாயில பழைய டைமரு ஒண்ணு கெடந்துச்சே, இருவத்தி நாலு மணி நேரத்துது. அதக் குடுங்ணா."

அவன் தேடி எடுத்து, ஒட்டியிருந்த தவிட்டைத் துடைத்துக் கொடுத்தான். கோழிக்கொட்டாயில் ஓடிய அந்த டைமரைத்தான் நாகமணி மகளின் அறைச் சுவருக்குள் வைத்து, அதிலிருந்து விளக்குக்கு வயர் கொடுத்தாள். கம்பெனி டைமரும் அதே பெட்டிக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது, எந்த விளக்கும் இல்லாமல். மேலே கம்பெனி மூடியைப் போட்டு முடுக்கிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? தாரணிக்கு அப்போது ஆறு வயது. பக்கத்தில் உட்கார்ந்து டேப் சுருளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இது யாரோட லைட்டும்மா?"

"உனக்கு மட்டும் தனியா. சூரியன் எப்புடிப் போகுதோ அப்புடியே போகும்."

டேப்பை வெட்டக் கத்தி எடுப்பதற்கு நாகமணிக்கு எப்போதும் சோம்பல். பல்லால் கடித்துத்தான் அறுப்பாள். அன்றும் அறுத்தாள்.

அதன் பிறகுதான் தெரிந்தது, ஒரே வீட்டுக்குள் இரண்டு விதமாக விடிந்தால் என்ன ஆகும் என்று. தாரணி விழித்து வெளியே வந்தால் கூடம் இருட்டாகக் கிடக்கும், அப்பா திருமூர்த்தியும் அம்மாவும் கட்டைபோலத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் எழுந்து காப்பி குடிக்கும்போது அவள் தூங்கிவிட்டிருப்பாள். பள்ளிக்கூடம் என்பது அறைச் சுவரில் இருந்த திரைதான். எப்போது உட்கார்ந்தாலும் பாடம் நடக்கும், ஏன் வரவில்லை என்று கேட்க ஆளில்லை. மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுவது இரண்டு நாளைக்கு ஒரு தடவை வாய்த்தால் அதிகம்.

பிள்ளை தனியாக என்னதான் செய்வாள்? தூங்குகிற அம்மாவுக்கு ஸ்டிக்கர் பொட்டு வைத்து விளையாடினாள். நாகமணி எழுந்து கண்ணாடியைப் பார்த்தால் மூக்கு நுனியில் ஒன்று, இரண்டு கன்னத்திலும் ஒவ்வொன்று. திருமூர்த்திக்கு மீசைக்கு மேலேயே வரிசையாக இருக்கும். ஷிஃப்டுக்குப் போகிற வழியெல்லாம் இருவரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு நாகமணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். பெற்ற பிள்ளையின் பேச்சைக் கேட்க முடியாமல், அவள் ஒட்டிவிட்டுப் போன பொட்டை உரித்து வைத்துக்கொள்கிற பிழைப்பு ஒரு பிழைப்பா என்று இருக்கும்.

ஒரு கட்டத்தில் பொட்டு நின்றது.

அதற்குப் பதில் தாரணியே வந்தாள். விளக்கு விடிகிற நேரத்துக்கு ஓடிவந்து அம்மாவின் போர்வைக்குள் புகுந்துகொண்டாள். அப்பா தோளில் ஏறிக்கொண்டு ஷிஃப்ட் வாசல்வரை போனாள். சாப்பாட்டுக்கு மூன்று தட்டு விழுந்தது.

"என்ன கண்ணு, தூக்கம் வரலயா?" என்று ஒருமுறை நாகமணி கேட்டாள்.

"உங்களப் பாக்கோணும்னு எந்திரிச்சுட்டேன்."

போதாதா அது? இதைக் கேட்ட எந்தத் தாயாவது மேற்கொண்டு துருவுவாளா? பிள்ளை நமக்காகத் தூக்கத்தை விட்டு எழுந்து வருகிறாள், பிறகு தூங்கிக்கொள்வாள் என்று நாகமணி நினைத்தாள். நினைக்க அவளுக்குப் பிடித்திருந்தது. குடியிருப்பில் கடிகாரங்கள்கூட ஷிஃப்ட் எண்ணைத்தான் காட்டும். வெளியே பகலா இரவா என்று பார்க்க ஜன்னலும் இல்லை. சந்தேகப்பட வேண்டும் என்று மனம் வைத்தால்தான் சந்தேகம் வரும் என்கிற நிலைமை. அவள் மனம் வைக்கவில்லை.

இதற்கிடையில் அவள் தலை பாதி நரைத்துவிட்டது. முப்பத்திமூன்று வயதில் முட்டி வலி. திருமூர்த்திக்குக் கிட்டத்தில் வைத்தால் நூல் தெரியவில்லை. கம்பெனியில் இலவசமாகக் கண்ணாடி கொடுத்தார்கள். காலண்டரில் மட்டும் இருக்கிற வயசு எதற்காகக் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது என்று ரகுராமனைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. அவரோ வெளியே ஜன்னல் வைத்த வீட்டில் குடியிருந்தார். வந்து போகிற ஆள்.

தாரணிக்கு ஒன்பது முடிந்த மாதத்தில் ஒருநாள் குளியலறையிலிருந்து கூப்பிட்டாள். குரல் வித்தியாசமாக இருக்கவே நாகமணி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"அடிபடவே இல்லம்மா. சும்மாவே ரத்தம் வருது."

நாகமணி அவளைத் துடைத்து, துணி வைத்து, உட்காரவைத்துவிட்டு வெளியே வந்தாள். ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த திருமூர்த்தியிடம் சொன்னபோது அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடியே நின்றுவிட்டான்.

"ஒம்பது வயசுதான புள்ள ஆவுது?"

"ஆமாங்."

"அவளுக்குத்தான் தனி லைட்டு வெச்சிருக்கறமே."

நாகமணி மெயினை அணைத்துவிட்டு டார்ச்சையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு மகளின் அறைக்குப் போனாள்.

மூடியைக் கழற்றினாள். கோழிக்கொட்டாய் டைமரிலிருந்து விளக்குக்குப் போன வயர் நடுவில் துண்டிக்கப்பட்டிருந்தது. துண்டித்த நுனிக்கு ஒழுங்காக டேப் சுற்றியிருந்தது. விளக்கின் வயர் இப்போது கம்பெனி டைமரோடு சேர்ந்திருந்தது. யாரோ கம்பெனி ஆள்தான் கண்டுபிடித்து மாற்றியிருக்கிறான் என்று முதலில் நினைத்தாள். அப்புறம் அந்த முடிச்சைப் பார்த்தாள். இரண்டு செம்புக் கம்பியையும் வலப்பக்கமாக முறுக்கி, முறுக்கியதை மடித்து, மடிப்புக்கு மேலே டேப். அது அவளுடைய முடிச்சு. வேறு யாரும் மடிப்பதில்லை. நானேதான் செய்துவிட்டு மறந்துவிட்டேனா என்று ஒரு கணம் திகைத்துப்போனாள்.

டேப்பின் நுனியை டார்ச்சில் பிடித்துப் பார்த்தாள். பல்லால் கடித்து அறுத்தது. சின்னஞ்சிறு பற்கள். நடுவில் ஓரிடத்தில் மட்டும் டேப் அறுபடாமல் இழுபட்டு நாக்குமாதிரி நீண்டிருந்தது. அந்த இடத்தில் கடிக்கப் பல் இல்லை.

தாரணிக்கு மேல் முன்பல் விழுந்தபோது ஏழு வயது. அந்தப் பல் திரும்ப முளைத்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது.

நாகமணி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது, அதற்குப் பின்னாலேயே வெட்கமும் வந்தது. பொட்டு எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியும். நின்றதைப் பார்த்தவள் அவள்தான். நான் தூங்கும்போது எனக்குப் பொட்டு வைக்காத பிள்ளை, அப்போது எங்கே இருந்தாள் என்று ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கலாம்.

தாரணி வாசலில் வந்து நின்றாள். "அறுத்து உட்டுருவீங்களாம்மா?"

"மெயின ஆஃப் பண்ணுனயா சாமி?" நாகமணி வாயில் முதலில் வந்த கேள்வி அது. "வயரத் தொடறப்ப மெயின ஆஃப் பண்ணுனயா?"

"பண்ணுனனே. நீங்களும் அப்பாவும் தூங்கறப்ப. டெஸ்டர் வெச்சும் பாத்தேன்."

"ஏங்கண்ணு இப்படிப் பண்ணுன?"

"நான் முழிச்சா நீங்க தூங்கறீங்க. நீங்க முழிச்சா நான் தூங்கறேன். எனக்கு மட்டும் எதுக்கும்மா தனியா?"

நாகமணி அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மடி கொள்ளவில்லை, பிள்ளை அவ்வளவு வளர்ந்திருந்தாள். இதைக்கூடவா பார்க்காமல் இருந்தோம் என்று தன்னைத்தானே சபித்துக்கொண்டாள்.

கம்பெனி டாக்டரம்மா மெர்ஸி திரையைப் பார்த்தபடியே பேசினார். "பெரியவங்களுக்கு மூணு நாளுன்னா மூணு நாளு. வளர்ற பிள்ளைங்களுக்கு அப்படிக் கணக்கு வர்றதில்ல. அவங்க வளர்றதே தூக்கத்துலதான். ஒவ்வொரு தடவை இருட்டும்போதும் உடம்பு ஒரு அடி முன்னால போகுது. பிள்ளைய சாதாரண வெளிச்சத்துக்கு மாத்துங்க. சின்ன உடம்பு, இந்தப் பதினாறு மணிக் கணக்க ரெண்டு மாசத்துல மறந்துரும்."

"மறக்கலைன்னாங்க?"

"மறந்துரும்மா."

"எங்களுக்குங்க? நாங்க வெளிய போனா சரியாகுமுங்களா?"

டாக்டரம்மா முதல்முறையாகத் திரும்பி அவளைப் பார்த்தார். "நீங்க எங்க போகப்போறீங்க?" என்று கேட்டார். குரலில் கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நாகமணி பழையபடி கோழிக்கொட்டாய் டைமருக்கு வயரை மாற்றினாள். மூடியை முடுக்கிய பிறகு திருகுகளின் தலையைத் தேய்த்து மழுக்கிவிட்டாள், இனி யாரும் கழற்ற முடியாதபடி. தாரணி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். டேப் சுருளைப் பிடிக்கவில்லை.

"கொஞ்ச நாளைக்குத்தான் சாமி. உன்ர உடம்பு நல்லாகோணுமல்ல?"

"சரிம்மா."

அடம் பிடித்திருந்தால், அழுது புரண்டிருந்தால் நாகமணிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பிள்ளை அப்படியெல்லாம் செய்யவில்லை. அறை இருட்டும்போது போய்ப் படுத்தாள். எட்டிப் பார்த்தபோதெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பி அசையாமல் கிடந்தாள். போர்வைக்குள் வந்து புகுவது நின்றுபோயிற்று. தட்டு மறுபடி இரண்டாகியது. வலித்தாலும் நாகமணி அதை நல்ல அடையாளமாகவே எடுத்துக்கொண்டாள். தூங்கி எழும்போதெல்லாம் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தாள். மூக்கில் பொட்டு இல்லை. வயசுக்கு வந்துவிட்டாளே, இனிமேல் எங்கே விளையாடப் போகிறாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

சேதி தெரிந்து வெள்ளிங்கிரி போனில் கத்தினான். "தாய்மாமன் நான் உசுரோட இருக்கறப்ப சீர் செய்யாம உட்டுருவனா? ஊரு என்ன பேசும்? லீவு போட்டுட்டு மூணு பேரும் வந்து சேருங்க."

டாக்டரம்மா சொன்ன இரண்டு மாதமும் முடிந்த பிறகு, வெயில் கூசாமலிருக்க மூன்று பேரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்கள். வெள்ளிங்கிரி வீட்டு வாசலை அடைத்துப் பந்தல் போட்டிருந்தான். மேளம் வைத்திருந்தான். சீர்த்தட்டுகள் வீட்டுக்குள் கொள்ளாமல் வெளியே வழிந்தன. வந்திருந்த ஒரு பெண் நாகமணியைக் காட்டி, "வெள்ளிங்கிரி, இவீங்க உங்கக்காங்களா?" என்று கேட்டாள்.

அவன் தங்கையின் தலையைப் பார்த்தான். "தங்கச்சிங்க" என்றான்.

அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டு நகர்ந்தாள். அவள் போய்ச் சேர்ந்த கும்பலில் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. "புள்ளைக்கு ஒம்பதுதானாமா. இப்பல்லாம் பிராய்லர் கோழியத் தின்னுபோட்டு எல்லாம் வெரசாவே ஆயிப்போவுதுங்க." கோழிப்பண்ணைக்காரன் வீட்டு விசேஷத்தில் உட்கார்ந்துகொண்டு கோழியைப் பழித்தார்கள். நாகமணிக்கு அது கேட்டது. கோழிமேல் பழி விழுந்தால் விழுந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தது.

பந்தலுக்கு முன்னால் வெட்டவெளியில், வெயிலில், பலகை போட்டுத் தாரணியை உட்காரவைத்திருந்தார்கள். படம் எடுக்கிறவர் வெளிச்சம் வேண்டும் என்று கேட்டிருந்தார். அரக்குப் பட்டு, நெற்றிச்சுட்டி, கை நிறைய வளையல். மாமன் வீட்டுக் குழந்தைகள் சொன்னதற்கெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தாள். கண் பளிச்சென்று இருந்தது. நாகமணி மகளின் பக்கத்திலேயே பலகை ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உச்சி வெயில் ஏறியது. நாகமணிக்குத் தெரிந்தது, இந்நேரம் குடியிருப்பில் மேற்கூரை சிவந்துகொண்டிருக்கும். கடிகாரம் பார்க்கவில்லை. பின்கழுத்து கனத்தது, மேளச் சத்தம் தூரத்தில் போனது. பந்தக்காலில் சாய்ந்திருந்த திருமூர்த்தியின் தலை சரிந்ததைப் பார்த்தாள். "மாப்ளைக்கு இந்நேரத்துக்கே ஏத்தி உட்டுட்டீங்களாக்கு?" என்று யாரோ சொல்ல, ஆண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது.

தூக்கம் கலைய நாகமணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்கு வரட்டும், அவருக்கு வரட்டும். பிள்ளையைப் பார்த்தாள். தாரணி நிமிர்ந்துதான் இருந்தாள். இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். ரெண்டு மாசத்துல மறந்துரும் என்றார்களே, மறந்துவிட்டது. நாகமணி குலதெய்வத்தின் பேரைச் சொல்லி மனசுக்குள் கும்பிட்டாள்.

வெள்ளிங்கிரி இரண்டு கையிலும் மாலையை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தான். "கண்ணு, தலையக் குனி பாக்கலாம்."

தாரணி குனியவில்லை. கையை நீட்டித் தடவி அம்மாவின் விரல்களைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"ம்மா, லைட்டு ஆஃப் ஆயிருச்சு."

நடுப்பகல் வெயில் அவள் முகத்தில் நேராக அடித்தது. நெற்றிச்சுட்டியின் கல் மின்னியது.

"இல்ல சாமி. இது வெயிலு. மேல பாரு."

"தெரியுதும்மா. ஆனா ஆஃப் ஆயிருச்சு." குரல் குழறியது. "அங்கயும் இப்படித்தான் ஆவும். கோழி லைட்டு எரியும், நீங்க தூங்கற நேரத்துக்கு நான் கண்ண மூடிக்குவேன். அப்பறம் நீங்க எந்திரிக்கற சத்தம் கேட்டா முழிச்சுக்குவேன். இருட்டா இருந்தாலும் சும்மா படுத்துட்டே கேப்பேன். நீங்க திட்டுவீங்கன்னுதான் வெளிய வரல."

நாகமணி அவள் தலையைத் தாங்கிப் பிடிக்கக் கையைத் தூக்கினாள். கை பாதியிலேயே இறங்கிவிட்டது. அண்ணன் ஏதோ கேட்டான். படம் எடுக்கிறவர், "பாப்பா, இங்க பாரும்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தாரணியின் தலை அம்மாவின் தோளில் வந்து விழுந்தது.

"நீங்களும் தூங்கறீங்களாம்மா?"

"ஆமா கண்ணு."

தாரணி சரி என்பதுபோல் தலையை ஒருமுறை அசைத்துவிட்டு, அம்மாவின் விரலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.